அளவுக்கு ஒரு ஆள்

அக்கா எடுத்த எந்தப் படத்திலும் ஓர் அளவுகோல் இருக்கும். உடைந்த பல்சக்கரம் என்றால் பக்கத்தில் ஆறங்குல எஃகு ஸ்கேல். இரண்டாகப் போன அச்சுத்தண்டு என்றால் ஓரடி ஸ்கேல். "பக்கத்துல ஒண்ணு வெக்கலன்னா அது கடுகா மலையான்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார். பெங்களூர் பீன்யாவில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் தமிழர், கன்னடக்காரர் எல்லோருக்கும் அவர் 'ஸ்கேல் அக்கா'. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எங்கிருந்தாலும் தன்னைப் பற்றி ஒருத்தி எழுதுவதை விரும்பமாட்டார்.

லாரிகளுக்கான இரும்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. ஓடும் வண்டியில் உடைந்துபோன பாகங்கள் மரப்பெட்டியில் திரும்பி வரும். அவற்றைப் படமெடுத்து, உடைப்பு எங்கே தொடங்கியது, எதனால் தொடங்கியது என்று சொல்வது அக்காவின் வேலை. நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். வரைபடத்தின் மூலையில் தேதி போடுவது என் பொறுப்பு. அந்தப் பழக்கம் பிறகு வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ் டிக்கெட், துணிக்கடை ரசீது, புகைப்படம், எதுவானாலும் பின்னால் தேதி எழுதி வைப்பேன். ஆகவே கீழே வரும் ஆண்டுகளை நம்பலாம்.

நான் அவரை முதலில் கவனித்தது 1991 டிசம்பரில். காவிரித் தகராறில் ஊர் பற்றி எரிந்தபோது ஒருநாள் மதியமே எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். யஷ்வந்த்பூர் தாண்டியதும் பஸ் மேல் கல் விழுந்தது. எல்லோரும் இருக்கைகளுக்கு நடுவே குனிந்துகொண்டோம். அக்கா மட்டும் எழுந்து முன்கண்ணாடிக்குப் போனார். கண்ணாடி உதிராமல் சிலந்தி வலைபோல் விரிந்திருந்தது. டிரைவர், "கூத்கொளம்மா, கூத்கொளம்மா!" என்று, உட்காரச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். அக்கா விரலை வலையின் மேல் ஓட்டிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு கல்லு. மொதல் கல்லு இங்க பட்டிருக்குது. ரெண்டாவது கல்லோட விரிசல் இதுகிட்ட வந்து நின்னுடுச்சு, பாரு."

என்னிடம்தான் சொன்னார், நான் முதல் இருக்கையின் கீழே இருந்ததால். என் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் அதற்குப் பிறகுதான் பார்த்தார். பார்த்தவுடன் கைக்குட்டையால் கட்டினார். அவ்வளவு நேர்த்தியான கட்டை ஆஸ்பத்திரியில்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் வரிசை அதுதான். முதலில் விரிசல், பிறகு நான்.

பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. உடைந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சரியாகப் பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள். அக்கா கையிலேயே அடிப்பார். "சேத்துப் பாக்காத. ஒண்ணோட ஒண்ணு தேஞ்சிச்சின்னா தடயம் போயிடும்." அவருடைய கணவர் கோலார் தங்கவயலில் தனியாக இருந்தார். ஒருநாள் கேண்டீனில் கணக்குப் பிரிவு அம்மாள் பரிவோடு கேட்டார், "அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராமே, ஒருதடவ போய்ப் பாக்கக் கூடாதா?"

அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, "ரெண்டையும் மறுபடி பொருத்திட்டா, எதனால உடைஞ்சிதுன்னு அப்புறம் கண்டே பிடிக்க முடியாது மேடம்" என்றார்.

பரிமாறுகிறவர்தான், "மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊறுகா?" என்று காப்பாற்றினார்.

1993 பொங்கலுக்கு என்னைத் தங்கவயலுக்கு அழைத்துப் போனார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய பெற்றோரின் நெருக்கமான வீடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தரைக்குக் கீழே எங்கோ ஆழத்தில் ஒரு கனத்த சத்தம். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. யாரும் கையை நிறுத்தவில்லை. வாழ்நாள் முழுக்க சுரங்கத்தில் இறங்கிய அவருடைய அப்பா, "பாறை வெடிக்குது" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். வெட்டியெடுத்தது போக மிச்சம் நிற்கும் பாறை சும்மா இருக்காதாம். மேலே இருக்கிற பாரமெல்லாம் அதற்குள் இறங்கி, என்றாவது ஒருநாள் வெடிக்குமாம். அக்கா இதற்கு 'இழுப்பு' என்று சொல்வார். இரும்பிலும் அதே இழுப்பு உண்டு. உடைந்த பிறகும் துண்டுக்குள் அது இருக்கும்.

"தோண்டி முடிச்சிட்டோம்னு நாமதான் நெனைக்கறோம். அது இன்னும் முடிக்கல" என்றார் அக்கா.

சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் இருந்தது. அக்கா கை கழுவிவிட்டு வந்து, ஸ்கேலை விரிசலின் பக்கத்தில் ஒட்டிவைத்துப் படமெடுத்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுப்பாராம். அவர் அம்மா என்னிடம் முறையிட்டார்: "நீயே கேளும்மா. இந்த வூட்டுல பேரப்புள்ளைங்க போட்டோ ஒண்ணு கெடையாது. செவுத்துக்கு மட்டும் வருசா வருசம் போட்டோ!"

விழுந்த மரங்களைப் படமெடுப்பது தொடங்கியது அந்த ஆண்டு மழைக்காலத்தில். எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அக்கா கேமராவோடு வருவதற்குள் அறுத்து ஏற்றிவிட்டார்கள். "டவுன்ல மரம் விழுந்தா சாயங்காலத்துக்குள்ள வெறகு. காட்டுல விழுந்தா அப்படியே கெடக்கும்" என்றார். சக்லேஷ்பூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிற உறவுக்காரர் ஒருவர் அவருக்கு இருந்தார். தோட்டத்தின் மேல் எல்லையில் காடு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் அங்கே வேரோடு சாயும். மழை சற்று ஓய்ந்த ஆவணியில் நாங்கள் போவோம். காலுக்கு அட்டைக்கடி தடுக்கும் புகையிலைத் தண்ணீர், ஒரு முக்காலி, வெளிச்சத்தைத் திருப்ப ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு, ஒரு சவரக் கண்ணாடி. இவைதான் அவருடைய சாமான்கள்.

காட்டு வெளிச்சம் படத்துக்கு ஆகாது. இதை நான் அங்கே போனபிறகுதான் அறிந்தேன். நம் கண்ணுக்கு எல்லாம் பச்சையாக, அழகாகத்தான் தெரியும். கேமராவுக்குப் பாதி கரி, பாதி சுண்ணாம்பு. இலைகளுக்கு நடுவே நுழைந்துவரும் வெயிலை அக்கா 'ஓட்டை' என்பார். "பார், மரம் பூரா ஓட்டை. அம்மை போட்ட மாதிரி. மேகம் வரட்டும்." மேகத்துக்காக அரைநாள்கூட உட்கார்ந்திருப்பார். மேகம் வந்ததும் காடு ஒரே இருட்டாகிவிடும். அந்த இருட்டில் லென்ஸின் வாயைச் சுருக்கிவைத்து, மந்தமான கறுப்புவெள்ளை பிலிமில், ஒரு படத்துக்கு ஷட்டரைப் பல நிமிடங்கள் திறந்தே வைத்திருக்க வேண்டும். வேர்களுக்கு நடுவே கரிப்பொந்தாக இருக்கும் இடத்துக்கு, திறந்த இடத்து வெளிச்சத்தைச் சவரக் கண்ணாடியால் திருப்பி, வெள்ளையடிப்பது போல மேலும் கீழும் தடவிக்கொண்டே இருப்பார். சத்தமே இராது. ஒரு பெண் இருட்டுக்குள் வெளிச்சத்தைப் பூசிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்கும் அளவு வேண்டுமே. ஓரடி ஸ்கேல் அந்த மரத்தின் பக்கத்தில் ஈர்க்குச்சி. ஆகவே நான்.

"மடக்கின குடைய ஊணிக்கோ. மூச்சு விடலாம். நெனைக்கக் கூடாது."

"நெனைக்கறது படத்துல விழுமாக்கா?"

"நெனச்சா ஆடுவே."

1994-இல் ஒருதடவை, ஷட்டர் திறந்திருந்தபோது என் தலைக்கு மேலே ஏதோ பறவை மனிதர் போலச் சீட்டியடித்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நேராக நின்றுகொண்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பெங்களூர் வரும்வரை ஒன்றுமே சொல்லவில்லை, டீ வேண்டுமா என்றுகூட. இரண்டு வாரம் கழித்து, தொழிற்சாலையின் இருட்டறையில் கழுவிய படத்தை என் மேசையில் வைத்தார். ஒரே கழுத்தின் மேல் எனக்கு இரண்டு முகங்கள். ஒன்று கேமராவைப் பார்த்தது. மற்றொன்று, பாதிக் கண்ணாடிபோல, அதன் வழியாகப் பின்னால் இருக்கும் பட்டை தெரிய, மேலே பார்த்தது.

"இதுல நீ யாரு?" என்றார்.

கேலிக்குத்தான் கேட்டாரா என்று இன்றும் தெரியாது. ஆனால் அதன்பிறகு நான் அசைந்ததில்லை.

1995 ஆவணியில் ஒரு காட்டுப்பலா சாய்ந்திருந்தது. அதுவரை நான் பார்த்ததில் அதுதான் பெரிது. வேர்ப்பகுதி மண்ணோடு பெயர்ந்து, என்னைப்போல் மூன்று ஆள் உயரத்துக்குச் சுவராக நின்றது. சுவருக்கு ஒருபக்கம், மரம் நின்றிருந்த இடத்தில், பெரிய குழி. மறுபக்கம் நீண்டு கிடக்கும் மரம். சனிக்கிழமை மாலை நாங்கள் போனபோது, ரம்பக்காரர்கள் அடிமரத்தைப் பாதிவரை அறுத்து ஆப்பு வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். நான் குழிக்குள் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் ஓடிவந்தார்.

"ஏம்மா, அங்கேர்ந்து வா இப்பால! விழுந்த மரத்த நம்பலாம், வேர நம்பக் கூடாது. அடியில அறுத்து உட்டோம்னு வெய்யி, மரத்தோட பாரம் போயிடுச்சா, இந்த வேரு அப்படியே திரும்பி எழுந்து குழில குந்திக்கும். அறுத்ததே தெரியாது, நட்டுவெச்ச கட்டையாட்டம் நிக்கும். போன வருசம் ஒரு மாடு உள்ள மேஞ்சினு இருந்துச்சு."

"மாட்ட எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்க இன்னா இருக்குது?"

அதனால் அவர்களிடம் ஒரு முறை உண்டு. வேர்ச்சுவர் மறைப்பதால் ரம்பத்துப் பக்கமிருந்து குழி தெரியாது. ரம்பம் வைக்கும்முன் மேஸ்திரி கோடரியின் பின்புறத்தால் மரத்தைத் தட்டி, "குழில யாரு?" என்று மூன்று தடவை கேட்பார். பதில் வராவிட்டால்தான் அறுப்பார்கள். அக்கா இதையெல்லாம் மிகுந்த கவனத்தோடு கேட்டார். கண்கள் பளபளத்தன. "படுத்துனு இருக்குது, ஆனா இழுப்பு போகல" என்றார், என்னிடமில்லை, வேரிடம்.

மறுநாள் ஞாயிறு. அவர்களுக்கு விடுமுறை, சந்தைக்குப் போய்விடுவார்கள் என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார். காலையில் அக்கா குழியின் எதிர்க்கரையில் முக்காலியை நிறுத்த, நான் குழிக்குள் இறங்கினேன். வேர்ச்சுவர் என் முகத்துக்கு முன்னால். பக்கவாட்டில் நின்று குடையை ஊன்றிக்கொண்டேன். நூல்போன்ற வேர்கள் ஆயிரக்கணக்கில் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். மண்ணின் வாசனை அல்ல அது, மண்ணுக்கு உள்ளே இருப்பதன் வாசனை. காற்று துளியும் வீசவில்லை. அப்படியொரு காற்றில்லாத மேகத்துக்காகத்தான் அக்கா இத்தனை நேரம் காத்திருந்தார்.

"தொறக்கறேன்" என்றார்.

நான் நினைப்பதை நிறுத்தினேன். சவரக் கண்ணாடியின் மங்கிய வெளிச்சம் வேர்களின் மேல் ஏறி இறங்கியது.

அப்போது சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் பேச்சு. லாரிக்காரன் முந்திக்கொண்டு வந்துவிட்டதால் சந்தைக்குப் போகவிடாமல் அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார்கள். இது பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். மரத்தில் கோடரி தட்டும் சத்தம், வேர் வழியாக, என் பல்லில் வந்து தட்டியது.

"குழில யாரு?"

அக்கா பதில் சொல்வார் என்று நின்றேன். அவர்தான் பேசலாம், அவர் அளவுகோல் இல்லையே.

"குழில யாரு?"

வெளிச்சம் மேலே போயிற்று, கீழே வந்தது. அதே நிதானம். கண்மணியை மட்டும் திருப்பிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேரின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலையைச் சற்றே சாய்த்து, எதையோ காதில் வாங்குவதுபோல.

"யாருப்பா குழில?"

என் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டாவது முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

ரம்பம் தொடங்கியது. சர்ர்... சர்ர்... என்று ஒரே தாளத்தில், அவசரமில்லாமல். தொங்கும் நுனிகளிலிருந்த சொட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்தன. மழை என்று நினைத்தேன். என்னைச் சுற்றி மட்டும் பெய்த மழை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். தேதி தெரியும், நேரம் தெரியாது.

"ஆச்சு. வா" என்றார் அக்கா, வழக்கமான குரலில்.

ஏறி வந்தேன். முக்காலியின் ஒரு காலைக்கூட அவர் மடக்கியிருக்கவில்லை. ரம்பம் நின்றது. வயதானவர் எழுந்திருக்கும்போது வருமே, அப்படி ஒரு முனகல். பிறகு வேர்ச்சுவர் குழிமேல் சாய, அடிக்கட்டை நிமிர்ந்தது. மெதுவாகத் தொடங்கி, கண்ணுக்கு எட்டாத வேகத்தில் முடிந்தது. தரை குதித்தது. குழி இருந்த இடத்தில் குழி இல்லை. புதிதாக வெட்டிய மஞ்சள் முகத்தோடு ஒரு கட்டை, எப்போதும் அங்கேயே நின்றதுபோல் நின்றது. என் குடை உள்ளே இருந்தது.

மேஸ்திரி சுற்றிக்கொண்டு வந்தார். எங்களையும் ஈரமண் அப்பிய என் காலையும் பார்த்தார்.

"கேட்டனே! மூணு தபா கேட்டனேம்மா! உங்களுக்கு வாயி இல்ல? நாளைக்கு எம்புள்ளைங்க மூஞ்சில நான் முழிக்க வேணாமா?"

அக்கா லென்ஸுக்கு மூடி போட்டுக்கொண்டே, "ஒண்ணும் ஆகலயே அண்ணா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஹாசன் வரை நான் பேசவில்லை. இந்தமுறை மௌனம் என்னுடையது. பிறகு கேட்டேன்.

"அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலயாக்கா?"

"கேட்டுச்சு."

"குரல் படத்துல விழாதே. நீங்க ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே."

"குடுத்தா நீ திரும்பியிருப்பே."

ஜன்னலைப் பார்த்தபடிதான் சொன்னார். பிறகு, "இன்னும் நேரம் இருந்துச்சும்மா. எழுந்துக்கறதுக்கு முன்னாடி நார் நாரா சத்தம் வரும். அது வரல. எங்கப்பா பாறையக் கேட்டுத்தான் இத்தினி வருசம் மேல ஏறி வந்தாரு" என்றார்.

நான் அதை நம்பினேன். நம்பாமல் அவரோடு அதே பஸ்ஸில் பெங்களூர் வரை வர முடியாது.

மூன்று வாரம் கழித்து என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டார். பெரிதாகப் போட்ட படம் ஒன்று ஈரத்தோடு கிடந்தது. அவர் எடுத்ததிலேயே சிறந்தது அதுதான். ஓட்டையே இல்லாத வெளிச்சம். வேர்களின் காட்டுக்கு நடுவே நான், என் சேலைக்கரை வரை துல்லியமாக. உடைப்புகளைப் பார்க்கும் உருப்பெருக்கியை என் கையில் கொடுத்து, "மேல் விளிம்பு" என்றார்.

பார்த்தேன். மேலே தொங்கிய வேர்கள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன. ஒன்று கெட்டியாக, ஒன்று கண்ணாடிபோல, அதற்குச் சற்றே மேலே. கீழே வர வர ஒன்றாகிவிட்டன.

"காத்தாக்கா?"

"உன் கால்கிட்ட பெரணி எல இருக்குது பார். ஆடல." உருப்பெருக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "நான் நெனச்சதுக்கு முன்னாடியே கெளம்பிடுச்சு."

எனக்கு அவர் சொன்ன விளக்கமும், மன்னிப்பும், அந்த ஒரு வரிதான். நான் அசையவே இல்லை. அசைந்தது மரம்.

பிறகு ஓராண்டு அவர் காட்டுக்குப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. 1996 ஆவணியில் என் மேசைக்கு வந்து, "இந்தத் தடவ ஸ்கேலு நானு. நீ தொறந்து மூடு" என்றார்.

அறுக்காத மரம் ஒன்று. மேஸ்திரி எங்களை விட்டுப் போகவே மறுத்துவிட்டார். அடிமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, "நான் இங்கயே குந்திகினு இருக்கறேன். மொதலாளியே வந்து ரம்பம் வெச்சாலும் என்னைய அறுத்துட்டுத்தான் மரத்த அறுக்கணும்" என்று பீடி பற்றவைத்தார். அக்கா குழிக்குள் இறங்கினார். ஓரடி ஸ்கேலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"நீ எப்ப மூடறியோ அப்ப வரேன்" என்றார்.

மேகம் வந்தது. திறந்தேன். அவர் உடனே கல்லாகிவிட்டார். மூச்சுகூடத் தெரியவில்லை. தொங்கும் வேர்களுக்கு நடுவே அவர் நிற்பதைப் பார்க்கப் பார்க்க, அவரும் அங்கேயே முளைத்தவர்போல் ஆகிக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் முகம் எது, வேர் எது என்று எனக்குப் பிரியவில்லை. அப்போது நார் ஒன்று அறுபடும் சத்தம் கேட்டது. மெல்லிய, நூல் போன்ற சத்தம்.

மூடிவிட்டேன். "வாங்கக்கா! மேல வாங்க!"

அவர் ஏறி வந்தார். "பாதிகூட ஆகலியே. ஏன் மூடின?"

"சத்தம் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலியே." மேஸ்திரியும் கேட்கவில்லை என்றார்.

திரும்பிப் போய் வேரைத் தொட்டுப் பார்ப்பார், விரலை ஓட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் என் கையைப் பார்த்தார். ஷட்டரின் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல்கள் வெளுத்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாயிரத்து ஒன்றில், தங்கவயல் சுரங்கத்தை மூடிய அதே ஆண்டில், அவர் வேலையை விட்டார். பொம்மசந்திராவில் வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் தேடிப்போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சமையலறைச் சுவரில் யாரோ ஸ்கேல் ஒட்டிய தடம் இருக்கிறது, போகவே மாட்டேனென்கிறது என்று அந்த வீட்டம்மாள் குறைப்பட்டாள்.

அவரை யாராவது எடுத்த படம், எனக்குத் தெரிந்து, அந்த ஒன்றுதான். முழுக்கக் கறுப்பு. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரியும், அது எஃகு ஸ்கேல். பிடித்திருந்த ஆள் தெரியவில்லை. கழுவி எடுத்து என்னிடம் கொடுத்தபோது, "பரவால்ல. பின்னாடி தேதி போட்டு வெச்சுக்கோ" என்றார்.

போட்டு வைத்திருக்கிறேன்.